தெரு முனையில் ஓர் ஓட்டல்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘பி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் தெரு முனையில் வரப்போகும் ஓட்டலைப் பற்றிப் போன கூட்டத்தில் நடந்த சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதை விவாதம் என்று மினிட்ஸில் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் ஊரில் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டில் இருந்தேன். அவள் வீட்டுக்குக் கீழேயே ஓர் ஓட்டல் என்று தெரிந்ததும், “அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள், வந்து சொல்லுங்கள் மேடம்” என்றார் செயலாளர். அதனால்தான் பேச வந்திருக்கிறேன்.

மகள் இருப்பது மிஷன் என்ற பேட்டை. ஸ்பானியப் பாதிரிமார்கள் 1776-ல் நிறுவிய மிஷன் டோலோரஸ் தேவாலயத்தால் வந்த பெயர். ஒரு காலத்தில் ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும் வாழ்ந்த இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அங்கே நிறையக் குடியேறினார்கள்.

முதல் நாள் 16-ம் தெரு ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்ததும் பயந்தே போனேன். நடைபாதையில் கம்பளி போர்த்திப் படுத்திருப்பவர்கள், பழைய செருப்பையும் சார்ஜரையும் தரையில் பரப்பி விற்பவர்கள், யாருமில்லாத பக்கம் பார்த்துக் கத்துகிற ஒரு மனிதர். மூத்திர நாற்றம் வேறு. “இங்கேயாடி குடியிருக்கிறாய்?” என்று கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறும்மா” என்றாள்.

ஞாயிறு காலை பத்தரைக்கு அந்த ஓட்டல் வாசலில் வரிசை. உள்ளே மஞ்சள் சுவர், விட்டத்தில் வெட்டுவேலை செய்த வண்ணக் காகிதத் தோரணம், டிரம்பெட் பாட்டு. பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் நின்றோம். இதற்கு பிரன்ச் என்று பெயர். பிரெஞ்சு அல்ல, பிரன்ச். காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து, நேரம் தப்பி, சாவகாசமாகச் சாப்பிடுவது.

எனக்கு சிலாகிலேஸ் வாங்கித் தந்தாள். மீந்துபோன சோள ரொட்டியைத் துண்டு போட்டுப் பொரித்து, பச்சை அல்லது சிவப்பு மிளகாய்ச் சாற்றில் புரட்டி, மேலே முட்டையும் உதிர்த்த பாலாடைக்கட்டியும் போட்டுத் தருவார்கள். மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா செய்கிற நமக்கு அந்தப் புத்தி உடனே புரியும். அந்த ரொட்டிக்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டு, தோல் நீக்கி அரைக்கிறார்கள். மாவு பிசைய வருவதும் அதனால்தான், சத்து உடம்பில் சேர்வதும் அதனால்தான். நாம் நம்முடையது என்று நினைக்கும் மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதானே. காரம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

பக்கத்து மேஜைகளில் மார்கரீட்டா, மிச்செலாடா என்று காக்டெயில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாவது, கற்றாழை மாதிரியான நீலநிற அகாவே செடியிலிருந்து இறக்கும் டெக்கீலாவில் எலுமிச்சை கலந்தது. இரண்டாவது, பீரில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் உப்பும். நான் செம்பருத்தி இனத்துப் பூவை ஊறவைத்த சிவப்புச் சர்பத்தோடு நிறுத்திக்கொண்டேன். யாரும் சிரிக்க வேண்டாம்.

இனி நமக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரில் மதுபான உரிமம் கேட்பவர், கடை வாசலில் 30 நாள் அறிவிப்பு ஒட்டி வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் அதற்குள் ஆட்சேபம் எழுதி அனுப்பலாம். மிஷனில் மதுக்கடைகள் ஏற்கெனவே மிதமிஞ்சி இருப்பதால், புதிய பார்களுக்கு நகர நிர்வாகம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நிஜமாகவே அடுப்பு மூட்டிச் சாப்பாடு போடுகிற உணவகத்துக்கு விலக்கு உண்டு. காக்டெயில் ஊற்ற ஆசை இருந்தால் முட்டையும் பொரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி இருந்தும் ஆரம்பத்தில் மகளின் கட்டடத்தில் தூக்கம் போயிற்று. தரை வழியாகப் பாட்டு, நள்ளிரவில் காலி பாட்டில்களைத் தொட்டியில் கொட்டுகிற சத்தம். குடியிருப்பவர்கள் கூடிப் பேசி உரிமையாளரைக் கூப்பிட்டார்கள். பத்து மணிக்குமேல் பின்கதவும் ஜன்னலும் மூடியிருக்கும், பாட்டில்கள் காலையில்தான் வெளியே போகும், புகார் இருந்தால் கூப்பிட மேனேஜரின் கைபேசி எண், இவ்வளவுதான். ஒரே பக்கத்தில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். நான் இருந்த மூன்று மாதமும் நன்றாகத் தூங்கினேன்.

இன்னொன்றும் நடந்தது. ராத்திரி பதினொரு மணி வரை அந்தக் கடை விளக்கு எரிந்ததால், ரயிலடியிலிருந்து தனியாக நடந்து வர மகளுக்குப் பயம் குறைந்தது. இதைச் சொல்லாமல் இரைச்சலை மட்டும் சொன்னால் நியாயமாகாது.

ஆனால் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது வேறு. பரிமாறிய பெண்ணோடு பேச்சுக் கொடுத்தோம். இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள். அவர்கள் இருந்த கட்டடம் கைமாறியது, குடும்பம் காலி செய்ய வேண்டியதாயிற்று. இப்போது வளைகுடாவுக்கு அந்தப் பக்கமிருந்து ரயிலேறி வருகிறாள். தன் பாட்டி வீட்டில் செய்த சாப்பாட்டைத் தன் பழைய தெருவிலேயே, வரிசையில் நிற்கும் புதியவர்களுக்குப் பரிமாறுகிறாள். கணினி நிறுவனச் சம்பளக்காரர்கள் வந்து வாடகையை ஏற்றியதுதான் காரணம் என்று அங்கே பலரும் சொல்கிறார்கள். என் மகளும் அந்தச் சம்பளக்காரர்களில் ஒருத்திதான். அன்றைக்கு நாங்கள் இருவரும் அதிகம் பேசாமல் வீட்டுக்கு வந்தோம்.

ஊர் சும்மா இருக்கவில்லை. 24-ம் தெருவை ஒட்டிய பகுதியை 2014-ல் லத்தீன் பண்பாட்டு வட்டாரமாக அறிவித்தார்கள். 30 ஆண்டுக்கு மேலான கடைகளைப் பதிவு செய்து, 2015-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, அவற்றுக்கு உதவி நிதி ஏற்படுத்தினார்கள். ஆனாலும் பழைய வீடுகளுக்கு வாடகை உச்சவரம்பு உண்டே தவிர, கடைகளுக்குக் கிடையாது. கலிஃபோர்னியா மாநிலச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நம் தெருவுக்கு வருவோம். இங்கே காக்டெயில் இல்லை, பிரியாணியும் பில்டர் காபியும்தான். ஓட்டல் வரட்டும் என்பதே என் கருத்து. நேரம், குப்பை, வண்டி நிறுத்துமிடம் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அதில் நான்காவதாக ஒரு வரியும் வேண்டும். அதே முனையில் இஸ்திரி வண்டி போடும் அண்ணனும், காலையில் இட்லி விற்கும் அம்மாவும் அங்கேயே இருப்பார்கள் என்று. போன கூட்டத்தின் மினிட்ஸை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அவர்கள் இருவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்று தீர்மானம் எழுதும்போது அந்த வரியைச் சேர்க்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.