ஊசி வைத்தியம்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த பேச்சின் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் அக்குபங்சர் என்னும் சீன ஊசி வைத்தியம். இது சாமி விஷயமுமல்ல, சாதி விஷயமுமல்ல, இதில் நமக்கென்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் தாயத்தையும் மந்திரித்த கயிற்றையும் பார்த்துச் சிரிக்கிற நம் தோழர்களிலேயே பலர், முதுகு வலி, மூட்டு வலி, மனக்கவலை, தூக்கமின்மை என்று வந்துவிட்டால் ஊசிக்காரரிடம் போகிறார்கள். போவதைக் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. நாமே போனவர்கள்தான்.

நமக்கு இடுப்பு வலி வந்து, மேடையில் நின்று பேச முடியாமல் நாற்காலி கேட்கிற நிலைமை ஏற்பட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நம் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊசிக்காரரோ, எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, வீட்டில் என்ன கவலை என்று அரை மணி நேரம் கேட்டார். மயிரிழை போன்ற ஊசிகளைச் சொருகி அமைதியாகப் படுக்க வைத்தார். நாலைந்து தடவை போனபின் வலி குறைந்தது உண்மை. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

குறைந்தது எதனால் என்பதல்லவா கேள்வி? உடலில் 12 முக்கியப் பாதைகள் இருக்கின்றனவாம். அவற்றில் ‘சி’ என்னும் உயிர்ச்சக்தி ஓடுகிறதாம். அது அடைபட்டால் நோயாம். 361 புள்ளிகளில் பொருத்தமானதைப் பார்த்துக் குத்தினால் அடைப்பு நீங்குமாம். பிணத்தை அறுத்துப் பார்த்த எவரும் இந்தப் பாதையைக் கண்டதில்லை. நம் ஊர் குண்டலினியைக் கண்டவர் யாரோ, அவரே இதையும் கண்டிருக்க வேண்டும்!

ஜெர்மனியில் இதைப் பரீட்சித்துப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர் 1,162 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாஸ்திரப்படி புள்ளி பார்த்து ஊசி. இரண்டாவது கூட்டத்துக்குப் புள்ளியல்லாத இடத்தில் மேலாகப் பொய் ஊசி. எந்த ஊசி என்று நோயாளிக்குத் தெரியாது. மூன்றாவது கூட்டத்துக்கு மருந்து, தேகப்பயிற்சி முதலிய வழக்கமான வைத்தியம். ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால், மெய் ஊசியில் 100-க்கு 47.6 பேருக்குக் குணம். பொய் ஊசியில் 44.2 பேருக்குக் குணம். வழக்கமான வைத்தியத்தில் 27.4 பேருக்குத்தான்.

இதில் இரு தரப்பாருக்கும் தலைகுனிவு இருக்கிறது. எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன் என்றால், 361 புள்ளி எதற்கு? வருஷக்கணக்காய்ப் படித்த சாஸ்திரம் எதற்கு? ஆனால் பொய் ஊசியே வழக்கமான வைத்தியத்தைவிட மேலாக இருந்ததென்றால், டாக்டர்மார்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? நோயாளியைத் தொட்டுப் பார்த்து, பேசி, ஓய்வாகப் படுக்க வைப்பதிலேயே வலியில் ஒரு பங்கு போய்விடுகிறது. தவிர, நாள்பட்ட வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். தானாக இறங்கும்போது புகழ் அவருக்குப் போகிறது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012-ல் ஏறக்குறைய 18,000 பேருடைய கணக்குகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மெய் ஊசி பொய் ஊசியைவிடச் சிறிது மேல் என்றே வந்தது. ஆனால் அந்த வித்தியாசம் சொற்பம். இங்கிலாந்தின் நைஸ் என்னும் வைத்திய ஸ்தாபனம் இடுப்பு வலிக்கு இதை 2009-ல் சிபாரிசு செய்து, 2016-ல் வாபஸ் வாங்கிற்று. பிறகு 2021-ல், காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்குப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்றது. சாஸ்திரம் 2,000 வருஷமானாலும் மாறாது. ஆராய்ச்சி ஏழு வருஷத்தில் தன் பேச்சையே மாற்றிக்கொள்ளும். எதை நம்புவது என்பது உங்கள் இஷ்டம்.

சீன வைத்தியத்தை ஊரெங்கும் பரப்பச் சொன்ன மாவோவே, தாம் அதை நம்புவதில்லை, சாப்பிடுவதுமில்லை என்று சொன்னதாக அவருடைய டாக்டர் லீ எழுதி வைத்திருக்கிறார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

“வலி போனால் போதாதா, காரணம் எதற்கு?” என்று கேட்பீர்கள். வலியோடு நின்றால் நமக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் நம்முடைய ஊசிக்காரர் ஆறாவது தடவை என்ன சொன்னார் தெரியுமா? “ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடுங்கள், சக்தி சீராகிவிட்டது” என்றார். நாம் நிறுத்தவில்லை. அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு தோழர் சர்க்கரை மருந்தை நிறுத்தினார். காலில் புண் வந்து இரண்டு விரல்களை எடுத்தார்கள். பொய்ப் பாதையை நம்பினவர், அந்தப் பாதையைக் காட்டினவர் சொன்னதையெல்லாம் நம்பவேண்டியவராகிறார்.

ஆகையால் போகிறவர்கள் புது ஊசியா என்று கேளுங்கள். பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவியதுண்டு. மார்பில் ஆழமாய்க் குத்தி நுரையீரலில் ஓட்டை விழுந்ததுமுண்டு. வலியோடு காய்ச்சல், உடல் இளைப்பு, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்கமுடியாமை இருந்தால் முதலில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஊசிக்காரர் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். நம் இடுப்புக்கு இப்போது தினம் காலையில் ஒரு மைல் நடக்கிறோம், அதற்குக் கட்டணமில்லை.

அந்தத் தோழர் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சந்தேகமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரையே கேட்கலாம். சொல்ல அவர் சம்மதித்திருக்கிறார்.