பதினைந்து கடல் மைல்

அளம்பிலிலிருந்தும் நாயாற்றிலிருந்தும் இன்றைய தொழிலை விட்டு வந்திருக்கும் கடற்றொழிலாளர் உறவுகளே, தாய்மாரே!

போன சித்திரையில் திருகோணமலைக்குப் போனேன். கோணேசர் கோயில் பாறையில் பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் தோளைத் தட்டினார்: "அங்க பார் தம்பி, ஊதுது!" வடலி உயரத்துக்கு வெண்புகையாய் நீர் எழுந்து கலைந்தது. பிறகு கருநீல முதுகொன்று வந்தது, வந்தது, முடியவே இல்லை. கொக்கிளாய்க்குத் தெற்கே, எங்கள் கடலின் அடுத்த வளவில், உலகத்தின் ஆகப்பெரிய உயிரான நீலத் திமிங்கிலம் மூச்சு விடுகிறது.

வேறு கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பல இரைக்காகக் குளிர்ந்த கடலுக்குப் போகும். எங்கள் கடலில் உள்ள இவை போவதில்லை. 2003இல் கடலுயிரியலாளர் அஷா டி வோஸ் இலங்கைக் கடலில் இவற்றின் செந்நிறக் கழிவு மிதக்கக் கண்டார். இந்த வெப்பக் கடலிலேயே இரை உண்கின்றன என்பதற்கு அது சாட்சி. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் கள்ளமாக வந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொன்றன. அதில் தப்பியவற்றின் வழி வந்தவற்றைத்தான் இன்று வணிகக் கப்பல்கள் மோதுகின்றன.

மாத்தறைக்குக் கீழே, தெய்வேந்திரமுனையை ஒட்டிக் கிடக்கிறது பெருங்கப்பல் பாதை. அதுவே அவற்றின் மேய்ச்சல் தரை. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த கொள்கலன் கப்பலின் முன்மூக்கில், செத்த நீலத் திமிங்கிலம் குறுக்கே மடிந்து கிடந்தது.

பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 வீதம் குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே விலக்கிக்கொண்டது. எல்லாக் கப்பலும் விலக, சர்வதேச கடல்சார் அமைப்பு பாதையை மாற்ற வேண்டும். அதை இலங்கை அரசு முறைப்படி கேட்க வேண்டும்.

"எங்கட காணிப் பிரச்சினை கிடக்கு, இழுவைப்படகு வலையை அறுக்குது, இதுக்குள்ள திமிங்கிலமோ?" என்பீர்கள். நியாயம். ஆனால் அந்தப் பாதையருகேதான் மிரிஸ்ஸவின் சின்ன வள்ளங்களும் தொழில் செய்கின்றன. இரவில் கப்பல் வெளிச்சம் நேரே வரும்போது வயிறு கலங்குவதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனு எழுதியே பழகிய மண் இது. பதில் வராத கடிதத்தின் பாரம் எங்களுக்குத் தெரியும். இம்முறை நாங்கள் கேட்பது, அரசு எழுத வேண்டிய ஒரு கடிதத்தை. அதை இந்த வருடமே எழுதட்டும்.

இந்தக் கோரிக்கைக்காக வாசல் மேசையில் கொப்பி விரித்து வைத்திருக்கிறது. போகும்போது பெயரையும் ஊரையும் எழுதுங்கள். வள்ளம் வைத்திருப்பவர்கள் வள்ளத்து இலக்கத்தையும் எழுதுங்கள்.