வீட்டுக்கு வரும் சிறு ஜீவன்கள்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கல்வி, ஒழுக்கம், சமூக முன்னேற்றம் என்று பெரிய விடயங்களைக் கேட்டுப் பழகிய இந்தச் சபையில் நாயையும் பூனையையும் முயலையும் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இது நம் வீட்டு வாசலில் நடக்கும் காரியம். நம் பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட காரியமும் ஆகும். ஆகவே சிறிது நேரம் பொறுமையோடு செவிசாய்க்குமாறு வேண்டுகிறோம்.

ஒரு மழைக்காலக் காலைப்பொழுதில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பாதை வழியே நாம் நடந்து சென்றுகொண்டிருந்தோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் அரிசிச் சாக்கு அசைந்தது. வாயை அவிழ்த்துப் பார்த்தால் ஐந்து நாய்க்குட்டிகள். ஐந்தும் பெட்டை. மூன்று இறந்துவிட்டன, இரண்டு நடுங்கிக்கொண்டிருந்தன. கூடையுடன் கொழுந்தெடுக்க ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "இவற்றை நீங்கள் வளர்க்கலாமே" என்றோம். அந்த அம்மா குட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாரு தம்பி பாக்குறது? விடிய மலைக்குப் போனா பொழுது சாயத்தான் வர்றோம். கட்டிப்போட்டு வளக்கிறதும் பாவம், அவுத்துவிட்டு வளக்கிறதும் பாவம்."

முதலில் நமக்கு மனம் சுருக்கென்றது. வழி நெடுக யோசித்துப் பார்த்தபின்புதான் அந்த அம்மா சொன்னதில் எத்தனை ஜீவகாருண்யம் இருக்கிறது என்பது விளங்கிற்று. அந்தக் குட்டிகளைச் சாக்கில் கட்டிப் போட்டவரும் ஒரு காலத்தில் "வேண்டும்" என்று ஆசையோடு தாய் நாயைக் கொண்டுவந்தவர்தானே! கருணை என்பது பிராணியை எடுத்து அணைத்த பிறகு தொடங்குவதன்று. எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இன்று நாம் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றவை யாவும் இதற்கு விளக்கமே.

ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவருமுன் நம்மை நாமே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். அதற்கு இடம் உண்டா? அதைக் கவனிக்க நேரம் உண்டா? அதற்குச் செலவிடப் பணம் உண்டா? அது வாழும் காலம் முழுவதும் நாம் இருப்போமா?

இடத்தை எடுத்துக்கொள்வோம். லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் சுவரோடு சுவராக வாழ்கின்றன. இரவெல்லாம் ஒரு நாய் குரைத்தால் அந்த வரிசை முழுவதும் விழித்திருக்கும். அடுத்த காம்பராவில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கலாம். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு வசதி சற்று அதிகம். ஆயினும் வேலி இல்லாத வளவில் நாய் வளர்ப்பது ஊரார் தலையில் பாரத்தை வைப்பதாகும்.

காலத்தை அநேகர் நினைப்பதே இல்லை. நாய் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளும், பூனை அதற்கு மேலும் வாழும். பத்தாம் வகுப்பிற் படிக்கும் தம்பி ஒரு குட்டியைக் கொண்டுவருகிறான். இரண்டு மூன்று ஆண்டுகளில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறான். அதன் பின் அது பாட்டியின் பொறுப்பு. பாட்டிக்குத் தன்னைப் பார்க்கவே ஆளில்லை. இப்படியாக வீட்டு நாய் ரோட்டு நாயாகிறது. ஆசைப்பட்டவன் ஒருவன்; அனுபவிப்பவர் வேறொருவர்.

இந்த நான்குக்கும் "ஆம்" என்று நேர்மையாகச் சொல்லக்கூடியவர்களுக்கு, எந்தப் பிராணி எந்த வீட்டுக்கு உகந்தது என்று இனிப் பார்ப்போம்.

முயல் நம் மலைநாட்டுக் குளிருக்கு ஏற்றது. வெப்பந்தான் அதற்கு ஆகாது. எனினும் ஈரமும் எதிர்காற்றும் அதை வாட்டிவிடும். கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றடிக்கும் பக்கத்தைப் பலகையால் மறைத்து, அடியில் உலர்ந்த புல் பரப்புதல் அவசியம். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லைக் கடித்து மென்றால்தான் அவை தேயும். கோவா இலையை மட்டும் போட்டு வளர்த்தால் வயிறு உப்பி, பல்லும் கெடும். இங்கே தோட்டத்து அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: தேயிலை மலையில் களைக்கு மருந்தடித்த இடத்துப் புல்லை ஒருபோதும் அறுத்துக் கொடுக்காதீர்கள். எந்த மலைக்கு எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்டறிந்து, சந்தேகமிருந்தால் வீட்டுப் பக்கத்துப் புல்லையே கொடுங்கள். ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குட்டி போடும். பிறகு கூடும் போதாது, தீனியும் போதாது.

கினிப்பன்றி தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பகுதியிலிருந்து உலகெங்கும் பரவிய சாதுவான பிராணி. மனிதரைப் போலவே அதன் உடலும் விற்றமின் சி சத்தைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. ஆகையால் தினமும் பச்சைக் கீரை கொடுத்தல் வேண்டும். தனியே இருந்தால் ஏங்கும். இரண்டு பெண்களாக வளர்ப்பது நல்லது.

பறவைகளில், நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என்று வாங்கும் சிறு கிளிகளிற் பெரும்பாலானவை அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. 1840ஆம் ஆண்டில் ஜோன் கூல்ட் என்பவர் அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றபின் உலகமெங்கும் கூண்டுகளில் வளர்க்கலாயினர். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை என்பதால் அவற்றை வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பறவையின் நுரையீரல் மிகவும் மென்மையானது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவை அறிவதற்காகக் கனேரிக் குருவிகளைக் கொண்டு சென்றார்கள். அவ்வழக்கம் 1986ஆம் ஆண்டு வரை இருந்தது. மனிதனுக்குத் தெரியுமுன் குருவி சோர்ந்து விழுந்துவிடும். அப்படியிருக்க, விறகடுப்புப் புகை மண்டும் குசினியிலே கூண்டைத் தொங்கவிடலாமா? இஸ்தோப்பில், காற்றோட்டமாக, பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி, அப்புத்தளை, பண்டாரவளை போன்ற குளிரான இடங்களில் இரவில் ஒரு துணியால் மூடிவிடுங்கள்.

மீன் வளர்க்க விரும்பும் பிள்ளைகள் 'கப்பி' மீனையே முதலில் நாடுகிறார்கள். பதுளைப் பட்டணத்தின் மிதமான வெப்பத்தில் அது நன்றாக வாழும். மேலே ஏறிச் சென்றால் குளிரில் சோர்ந்துவிடும். அங்கே தங்கமீன் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதற்குப் பெரிய தொட்டி தேவை. உருண்டைக் கண்ணாடிப் போத்தலில் தங்கமீனை விடுவது அதை மெதுவாகக் கொல்வதற்கு ஒப்பாகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்பே தொட்டியில் ஊற்றுங்கள். வளர்க்க மனமில்லாவிட்டால் மீனை ஓடையில் விடாதீர்கள். வெளிநாட்டு மீன் நம் ஓடை மீன்களுக்கு எதிரியாகிவிடும்.

காட்டு ஜீவன்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேவாங்கு, நட்சத்திர ஆமை முதலியவற்றைப் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டிலேயே வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்க இந்நாட்டில் கட்டளைச் சட்டம் பிறந்துவிட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, கூட்டிலிருந்து அணிற் குஞ்சை எடுத்துவந்து பால் புகட்டி, மூன்றாம் நாள் புதைக்கும் பிள்ளை அன்பையா கற்றுக்கொள்கிறது?

பூனை லயத்து வாழ்வுக்குப் பெரிதும் ஒத்துப்போகும் பிராணி. எலித்தொல்லையும் குறையும். ஆயினும் அது இயல்பில் மாமிசம் உண்ணும் ஜீவன். சோறும் சொதியும் மட்டும் அதற்குப் போதா. சிறிது கருவாடோ மீன் தலையோ, காரம் சேர்க்காமல், உப்பை ஊறவைத்துக் கழுவிக் கொடுத்தல் வேண்டும். பூனைக்குக் காய்ச்சல் என்றெண்ணி நம் வீட்டுப் பனடோல் குளிசையைக் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு, உயிரையே போக்கிவிடும். கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலத்தை அள்ளுவதைத் தவிர்த்து, அந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விடுதல் நலம்.

இனி நாய். இதில்தான் நாம் அதிகமாகத் தங்கிப் பேசவேண்டியிருக்கிறது.

குட்டியைக் குறைந்தது எட்டு வாரம் தாயோடு விட்டபின்பே எடுத்து வாருங்கள். கண் தெளிவாகவும், தோல் சொறியின்றியும், கூப்பிட்டால் அருகே வருவதாகவும் உள்ள குட்டியே நல்லது. குட்டிகளின் வயிற்றுப் பூச்சி பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடும். மிருக வைத்தியரிடம் கேட்டுப் பூச்சி மருந்து கொடுங்கள். வெங்காயமும் சொக்கலேற்றும் நாய்க்கு ஆகா. விலை கொடுத்து வெளிநாட்டுச் சாதி நாய் வாங்க வேண்டும் என்பதில்லை. அடர்ந்த மயிருள்ள சாதி நாய் நம் மழையில் நனைந்து சொறி பிடித்து வருந்தும். நாட்டு நாய் நம் மண்ணுக்கும் மழைக்கும் பழகியது. இரவில் அதை உள்ளேயோ அடைப்பிலோ வையுங்கள். அவிழ்த்துவிட்ட நாயைத் தேடிச் சிறுத்தை லயத்தருகே வரும். சிறுத்தைக்குப் பயந்து மனிதர் கண்ணி வைப்பார்கள். பின்னர் எல்லாருக்கும் கேடு.

எல்லாவற்றிலும் பெரிய கேடு விசர்நாய்க்கடி. 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். தடுப்பூசி பரவியதன் பலனாக அண்மைய ஆண்டுகளில் அத்தொகை இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. ஆனால் நோயின் குறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை என்பது அன்றும் இன்றும் மாறாத உண்மை.

1885ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசெப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் தடுப்பு மருந்தை ஏற்றினார், சிறுவன் பிழைத்தான். நம்மைப் போலவே தேயிலை விளையும் நீலகிரியில், 1902ஆம் ஆண்டு விசர்நாய் கடித்த லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி, தென்னிந்தியாவில் அந்த மருந்து கிடைக்காமையால் இறந்துபோனார். அந்தத் துயரத்தின் விளைவாகவே 1907ஆம் ஆண்டு குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. அன்று மருந்து இல்லாமையால் உயிர் போயிற்று. இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக இருக்கிறது. அறியாமையால் உயிர் போகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் எட்டு வயதுப் பையனை ஒரு நாய் கடித்துவிட்டது. ரோட்டு நாயன்று, பக்கத்து லயத்தில் ஆசையாக வளர்த்து, பின் அவிழ்த்துவிடப்பட்ட நாய். பாட்டி காயத்தில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைக்கப் போனார். தகப்பனோ, "இன்னைக்குப் பேரு போயிரும், நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஒரு நாட் சம்பளம் அந்த வீட்டுக்கு என்ன என்பதை நாம் அறிவோம். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. நல்ல வேளையாக அடுத்த காம்பரா வாலிபன் ஒருவன் பையனைப் பீலிக்கரைக்குத் தூக்கிச் சென்று, சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவி, அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றான். ஊசிகள் யாவும் தவணை தப்பாமல் போடப்பட்டன. அந்தப் பையன் இன்று பள்ளிக்கூடம் போகிறான். நாய் சில நாட்களில் இறந்துவிட்டது.

அந்த வாலிபன் செய்ததை நாம் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்வோம். கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தில் எச்சில் பட்டாலும், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுக. மிளகாய், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் பூசாதொழிக. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. கடித்த நாயைக் கொல்லாமல், பத்துப் பதினான்கு நாள் கட்டி வைத்துக் கவனிக்க. ஆனால் அதன் முடிவுக்காக வைத்தியத்தைத் தாமதிக்க வேண்டாம். பூனை கடித்தாலும் இதே விதிதான்.

இந்நாட்டில் 1893ஆம் ஆண்டிலேயே விசர்நாய்க்கடிக்கெனச் சட்டம் செய்யப்பட்டது. நெடுங்காலம் தெருநாய்களைக் கொல்வதே வழியென்று கருதினார்கள். 2006ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கம் அதை நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் முதன்மையாக்கியது. ஆண்டுக்கொருமுறை நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடுவதும், பெட்டை நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதுமே சாக்குமூட்டைப் பாவத்துக்குச் சரியான பரிகாரம்.

இங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் நம் அங்கத்தவர் இருவர் சேர்ந்து, எந்த லயத்தில் எத்தனை நாய், எத்தனை பூனை, எதற்கு ஊசி போட்டாயிற்று என்று ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைக்கலாம். ஊசி போடும் நாளை அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகத்தில் விசாரித்து, முதல்நாள் மாலையிலேயே வீடு வீடாய் அறிவிக்கலாம். பெற்றோர் மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நாய்களைப் பிடித்துக் கொண்டுபோவதும் வாலிபர்களுக்கு ஒரு தொண்டுதான். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை; நாலு கயிறும் நல்ல மனமும் போதும்.

பெரியோர்களே! மகாபாரதக் கதையின் முடிவை நீங்கள் நமக்குச் சிறு வயதில் சொல்லித் தந்தீர்கள். கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தருமபுத்திரர் நின்ற இடம் அது. அந்த நாயைத் தேடி அவர் போகவில்லை. அது தானாகவே பின்தொடர்ந்தது. ஆயினும் தம்மை நம்பி வந்ததைக் கடைசி வரை கைவிடவில்லை. அப்படிக் கடைசி வரை நிற்க முடியுமென்றால் பிராணியை வளர்ப்போம். முடியாதென்றால், அந்தக் கொழுந்தெடுக்கும் அம்மாவைப் போல, "யாரு பாக்குறது?" என்று முதலிலேயே கேட்டு நிறுத்திக்கொள்வோம். இரண்டும் தருமமே.

அந்தச் சாக்கில் உயிரோடிருந்த இரண்டு குட்டிகளுக்கும், நான்கு கேள்விகளையும் கேட்ட பின்பே, பதுளையில் இரண்டு வீடுகள் தேடிக் கொடுத்தோம். இரண்டும் நலமாக இருக்கின்றன. மற்ற மூன்றையும் நாம் மறக்கவில்லை. இனி ஒரு சாக்கு நம் மலைகளில் அசையாதிருக்க நம்மால் இயன்றதைச் செய்வோம்.