ஸ்கூல் வெப்சைட்டுக்கு ஸ்பான்சர்: அண்ணாச்சி கேட்ட ஒரே கேள்வி

போன வாரம் ஒரு ப்ளஸ் ஒன் பொண்ணு மெசேஜ் பண்ணியிருந்தாங்க. "அண்ணா, நாங்க நாலு பேர் சேர்ந்து ஸ்கூலுக்கு ஒரு வெப்சைட் பண்ணியிருக்கோம். டொமைன் வாங்கக் காசு இல்ல. கடைக்காரங்ககிட்ட ஸ்பான்சர் கேட்கலாமா?"

தாராளமா கேட்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி நாங்க சொதப்பின கதையைக் கேட்டுட்டுப் போங்க.

நானும் ப்ளஸ் ஒன்ல இதே வேலையைப் பண்ணியிருக்கேன். மதுரையில ஏழு கடை ஏறி இறங்கினோம். ஆறு கடையில "அப்புறம் வாங்க தம்பி"தான். ஏழாவது, ஒரு ஸ்டேஷனரி கடை. அண்ணாச்சி லேப்டாப்பை வாங்கி நிதானமா பார்த்தார். "ஆண்டு மலருக்கு வருஷா வருஷம் விளம்பரம் கொடுக்கிறேன், இதுக்குக் கொடுக்க மாட்டேனா?"ன்னார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "நீங்க ப்ளஸ் டூ முடிச்சுப் போயிட்டா இதை யாரு தம்பி பார்த்துக்குவா?"

"ஜூனியர்ஸ் பார்த்துக்குவாங்க அண்ணாச்சி"ன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னோம். 3,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

டொமைனை ஃப்ரெண்டோட மெயில் ஐடியில, அவன் அப்பா கார்டுல வாங்கினோம். காலேஜ் போனோம். ரின்யூவல் மெயில் வந்திருக்கு, யாரும் பார்க்கல. டொமைன் காலாவதியாகி, வேற யாரோ வாங்கி, அதுல சூதாட்ட விளம்பரம் ஓட ஆரம்பிச்சது. ஸ்கூல் டைரியில அந்த அட்ரஸ் அச்சாகியிருந்தது. திறந்து பார்த்த ஒரு அம்மா, நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வந்துட்டாங்க.

சின்னப் பசங்க, அதான் இப்படின்னு நினைக்காதீங்க. திங்க்க்வெஸ்ட்னு ஒரு போட்டி, 1996ல அமெரிக்காவுல தொடங்கினது. மாணவர்கள் குழுவா சேர்ந்து பாடம் சார்ந்த வெப்சைட் பண்ணுவாங்க. பின்னாடி ஆரக்கிள் கம்பெனியோட கல்வி அறக்கட்டளை அதை நடத்துச்சு. பசங்க பண்ணின ஆயிரக்கணக்கான சைட்டுகள் அதோட நூலகத்துல இருந்துச்சு. 2013 ஜூலையில மொத்தத்தையும் மூடிட்டாங்க. காசு கொடுக்கிறவர் ஒருநாள் நிறுத்துவார். அப்பவும் சைட் நிக்கணும், அதுக்குத்தான் திட்டம் வேணும்.

சரி, எப்படிக் கேட்கிறது?

முதல்ல செலவைச் சுருக்குங்க. படமும் எழுத்தும் மட்டும் இருக்கிற சாதாரண சைட்டை கிட்ஹப் பேஜஸ்ல இலவசமாவே வைக்கலாம். மிஞ்சுறது டொமைன் செலவு மட்டும்தான். அதை ஒரு வருஷத்துக்குக் கேட்காம, மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கேளுங்க.

ரெண்டாவது, டொமைனும் ரசீதும் ஸ்கூல் பேர்ல, ஆபீஸ் மெயில் ஐடியில இருக்கணும். உங்க பேர்ல வேண்டவே வேண்டாம். ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட லெட்டரோட போங்க. அரசுப் பள்ளின்னா நீங்களா காசை வாங்காதீங்க, பள்ளி மேலாண்மைக் குழுகிட்ட பேசுங்க. நன்கொடைக்குன்னே 2022ல வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி' திட்டமும் இருக்கு.

மூணாவது, யார்கிட்ட கேட்கிறது? எல்லாரும் உடனே "சிஎஸ்ஆர்"ம்பாங்க. கம்பெனிக்கு விளம்பர லாபம் வர்ற மாதிரி செய்ற ஸ்பான்சர்ஷிப், விதிப்படி சிஎஸ்ஆர் கணக்குல வராது. "உங்க லோகோ போடுறோம்"னு நீங்க சொன்னதுமே அந்தக் கதவு மூடிடும். உங்களுக்கு வேண்டியது சில ஆயிரம் ரூபாய்தான். யூனிஃபார்ம் தைக்கிறவர், புக் கடை, ஜெராக்ஸ் கடைன்னு உங்க ஸ்கூலால வியாபாரம் நடக்கிறவங்ககிட்ட போங்க.

நாலாவது, பதிலுக்கு என்ன கொடுப்பீங்க? பக்கத்தோட அடியில ஒரு நன்றி வரி, கடை பேர். அவ்ளோதான். பசங்க போன் நம்பர் லிஸ்ட்டை யாராவது கேட்டா, காசே வேண்டாம்னு எழுந்து வந்துடுங்க. 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களைக் குறிவெச்சு விளம்பரம் காட்டுறதை 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே தடை பண்ணுது.

கடைசியா, அண்ணாச்சியோட கேள்வி. கடைக்குப் போகும்போதே ஒன்பதாம் வகுப்புப் பசங்க ரெண்டு பேரைக் கூடவே கூட்டிட்டுப் போங்க. "நாங்க போனதும் இவங்க பார்த்துக்குவாங்க"ன்னு காட்டுங்க. அவங்களுக்கு வேலையையும் கத்துக்கொடுங்க. நாங்க செய்யாம விட்டது அதைத்தான்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அந்தக் கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்கு அடையாளம் தெரிஞ்சது. வேலை எப்படிப் போகுது, அம்மா எப்படி இருக்காங்கன்னு எல்லாம் விசாரிச்சார். வெப்சைட் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு.

நீங்க யார்கிட்ட கேட்டீங்க, என்ன சொன்னாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம். வரட்டா!