உளியும் மெஷினும்: வீட்டில் சி.என்.சி. தொடங்கிய கதை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கி, அப்புறம் நம்ம சேலத்துக்கும் அந்தத் திட்டம் வந்தது. அப்போ நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்ளதான் இருந்துச்சு; 1997-லதான் தனி மாவட்டமாச்சு. அந்தக் காலத்துல குழுக்கடன்னா கறவை மாடு, ஆடு, இட்லிக்கடை. நான் கடன் கேட்டது மரம் செதுக்குற கம்ப்யூட்டர் மெஷினுக்கு. கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்க. ஊக்குநர் அக்கா மட்டும், "அது ஓடலைன்னா தவணை எப்படிக் கட்டுவே?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. பதில் கிடைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அதைத்தான் இன்னைக்குச் சொல்ல வந்திருக்கேன்.

நான் பிறந்தது கெங்கவல்லி வட்டம் தம்மம்பட்டி. வாக்கப்பட்டு வந்தது ராசிபுரம் பக்கம். தம்மம்பட்டின்னா மரச்சிற்பம்னு உங்களுக்குத் தெரியும். எங்க அப்பா நாற்பது வருஷமா உளி பிடிச்சவர். சின்ன வயசுல நாங்க பொண்ணுங்க உப்புத்தாள் தேய்ப்போம், வார்னிஷ் அடிப்போம். உளி மட்டும் எங்க கைக்கு வராது. அந்த ஆசைதான் இந்த மெஷின்ல கொண்டுவந்து விட்டது.

மெஷின் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். சி.என்.சி. ரவுட்டர்னு பேரு. மேலே சுத்துற மோட்டார், அதன் நுனியில வெட்டுற பிட்டு. அது இடம் வலம், முன்னே பின்னே, மேலே கீழேன்னு மூணு பக்கமும் நகரும். நம்ம படத்தைச் சாஃப்ட்வேர் எண்களா மாத்தும். அதுக்கு ஜி-கோடுன்னு பேரு. "இங்கிருந்து அங்க போ, இவ்வளவு ஆழம் இறங்கு"ன்னு வரிவரியா இருக்கும். நகர்த்துறது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு முழுச் சுத்துக்கு 200 படி எடுத்து வைக்கும்.

வீட்டுக்குத் தொடக்கத்துல 3018-ங்கிற சின்ன அளவு போதும். 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர்தான் வேலை செய்யும் இடம். கதவு, கட்டில் எல்லாம் இதுல வராது. பெயர்ப் பலகை, கொழுக்கட்டை அச்சு, பூஜை அறைக்குச் சின்னப் பூ வேலை, இவ்வளவுதான். குழுவில 40,000 ரூபாய் கடன், 24 மாசத் தவணை. அதுல மெஷின், பழைய லேப்டாப், பிட்டுகள், இரண்டு கிளாம்ப், ஒரு வெர்னியர் அளவுகோல் வாங்கினேன்.

வாங்கின அன்னைக்கே மரத்துல இறக்காதீங்க. பிட்டு இருக்கிற இடத்துல பேனாவைக் கட்டி, பேப்பர்ல கோலம் போடச் சொல்லுங்க. மெஷின் எந்தப் பக்கம் போகுதுன்னு பயமில்லாம பழகலாம். அடுத்து 100 மில்லிமீட்டர் சதுரம் போட்டு அளந்து பாருங்க. 98 வந்தா செட்டிங்கைத் திருத்தணும். அதுக்கப்புறம்தான் மரம். அதுவும் வேண்டாத துண்டு. தேக்குல ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் ஆழம்னு மெதுவா இறக்குங்க. அவசரப்பட்டு இரண்டு மில்லி இறக்கி நான் உடைச்ச பிட்டு முதல் மாசத்துல மட்டும் ஏழு.

தமிழ் எழுத்துல ஒரு சிக்கல் உண்டு. சில சாஃப்ட்வேர்ல "கொ" போட்டா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு சிதறும். இன்க்ஸ்கேப்புங்கிற இலவச சாஃப்ட்வேர்ல எழுதி, எழுத்தைக் கோட்டுப்படமா மாத்தி அனுப்பினா சரியாகும். மெய்யெழுத்துப் புள்ளியையும் கவனிங்க. பிட்டு 3 மில்லி, புள்ளி 2 மில்லின்னா பிட்டு உள்ளே போகாது. பலகையில புள்ளியே இருக்காது. வீட்டுக்காரங்க பேரு மாறிடும்!

இப்போ நடந்த கதைக்கு வர்றேன். நான் மெஷின் வாங்கினது தெரிஞ்சு அப்பா திட்டலை. பேச்சையே நிறுத்திட்டார். அம்மாதான் போன்ல சொன்னாங்க: "கையால செதுக்குறவன் வயித்துல அடிக்கவா என் பொண்ணு கிளம்பிட்டான்னு கேக்கறாரு." ஆறு மாசம் அப்படியே போச்சு. முதல் மூணு மாசம் மெஷின் ஒரு ரூபாய் தரலை. பால் காசுலதான் தவணை கட்டினேன்.

நாலாவது மாசத்துல பெரிய ஆர்டர்கள் வரும்னு எதிர்பார்த்தேன். சின்னச் சின்னதுதான் வந்துச்சு. ஏழாவது மாசம் ஒருத்தர் வந்தார். புது வீட்டுக்குப் பெயர்ப் பலகை வேணும். அவங்க தாத்தா வீட்டை இடிச்சப்போ எடுத்த தேக்குக் கதவுல இருந்து ஒரு பலகை அறுத்துக் கொண்டு வந்தார். நாலு நாள்ல கிரகப்பிரவேசம். வேலை பாதி ஓடும்போது கரண்டு போச்சு. திரும்ப வந்ததும் ஸ்டார்ட் கொடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

அங்கதாங்க தப்பு. கரண்டு போனா இந்த மெஷினுக்குத் தான் எங்க நிக்கிறோம்னே மறந்துடும். கரண்டு வந்ததும் நிக்கிற இடத்தையே ஆரம்பம்னு எடுத்துக்கும். நாமதான் மறுபடி பிட்டை மூலைக்குக் கொண்டுபோய், ஜீரோ வெச்சுக் கொடுக்கணும். நான் வைக்கலை. வந்து பார்த்தா, எழுத்துக்குக் கீழே இருந்த வெத்து ஓரத்துல கோணல்மாணலா பள்ளம். அந்த மரத்துக்கு மாத்து எங்க வாங்குறது? அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன்.

மறுநாள் முதல் பஸ்ல அப்பா வந்து இறங்கினார், உளிப்பையோட. பலகையை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷின் மேல தப்பில்லை கண்ணு. மரத்தைப் பக்கத்துல இருந்து பார்க்காம விட்டுட்டே"ன்னார். அவ்வளவுதான் ஆறு மாசத்துக்கு அப்புறம் பேசினது. பள்ளம் விழுந்த இடத்தையெல்லாம் சேர்த்து ஒரு கொடியா வரைஞ்சார். கீழே கொடி வந்தா மேலேயும் வேணும்னு இரண்டு ஓரத்துலயும் செதுக்கினார். ஒன்றரை நாள் ஆச்சு.

பலகை வாங்க வந்தவர்கிட்ட நடந்ததை மறைக்காமச் சொல்லிட்டேன். வேண்டாம்னா மரத்துக்கு விலை தர்றேன்னும் சொன்னேன். அவர் கொடியைத் தடவிப் பார்த்துட்டு, "இது கை வேலையாம்மா?"ன்னு கேட்டு, பேசினதுக்கு மேல ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அந்த ஐந்நூறை அப்பா கையில கொடுத்தேன். வாங்கிக்கிட்டார்.

இன்னைக்கு எங்க ஏற்பாடு இதுதான். எழுத்தும் நேர்கோடும் மெஷினுக்கு. கொடி, பூ, முகம் அப்பாவுக்கு. ஒவ்வொரு பலகைக்கும் அவர் கூலி தனிக் கணக்கு. அவர் மரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்: பச்சை மரம் காய்ஞ்சதும் வெடிக்கும், கணு இருக்கிற இடத்துல எழுத்து வைக்காதே, ரேகை ஓடுற பக்கம் பார்த்துப் பலகையை வை. அதுக்கப்புறம் நான் பிட்டு உடைச்சது அபூர்வம்.

ஒரு விஷயத்துல மட்டும் அவர் கறார். மெஷின்ல வெட்டினதைக் கைவேலைன்னு சொல்லி விக்கக் கூடாது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அந்த மதிப்பு கை உளிக்குக் கிடைச்சது. நாம பொய் சொல்லி வித்தா, நிஜமா செதுக்குறவங்க விலை கேக்க முடியாமப் போயிடும். அதனால என் பில்லுல மெஷின் வேலை எவ்வளவு, கை வேலை எவ்வளவுன்னு பிரிச்சுத்தான் எழுதறேன்.

பாதுகாப்பு பத்தியும் சொல்லணும். மரத்தூசி புற்றுநோய் தரக்கூடியதுன்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லியிருக்கு. கைக்குட்டை போதாது, என்-95 மாஸ்க் போடுங்க. கண்ணாடி போடுங்க. முந்தானையைச் சொருகி, தலைமுடியை இறுக்கி, வளையலைக் கழட்டி வெச்சுட்டு உட்காருங்க. சுத்துற பிட்டுக்கிட்ட கையுறை வேண்டாம், இழுத்துக்கும். மெஷின் ஓடும்போது அடுப்படிக்குப் போகாதீங்க. இதை நான் சொல்லித்தான் நீங்க தெரிஞ்சுக்கணும்னு இல்லை, என் பலகையே சொல்லும்.

பெருசாப் பண்ண நினைக்கிறவங்க மாவட்டத் தொழில் மையத்துல பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பத்திக் கேளுங்க. கிராமத்துல தொழில் தொடங்குற பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், நம்ம பங்கு 5 சதவீதம்னு அதுல வெச்சிருக்காங்க. விண்ணப்பம் போடும்போது அன்றைய விதியைச் சரிபார்த்துக்கோங்க. ஆனா முதல்ல சின்ன மெஷின்ல ஆறு மாசம் பழகிட்டுப் போங்க.

இப்போ மாசம் பத்துப் பன்னிரண்டு பலகை போகுது. மரம், பிட்டு, கரண்டு, அப்பா கூலி எல்லாம் போக ஆறாயிரம், ஏழாயிரம் நிக்குது. போன மாசத்தோட குழுக்கடன் முடிஞ்சுது. கடைசித் தவணையை வாங்கினப்போ ஊக்குநர் அக்கா பாஸ்புக்குல கையெழுத்துப் போட்டுட்டு, "அடுத்து யாருக்குச் சொல்லித் தரப் போறே?"ன்னு கேட்டாங்க. அதுக்கும் பதில் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுத் திண்ணையில மெஷின் சும்மாதான் இருக்கும். பேனாவும் பேப்பரும் கொண்டு வாங்க. முதல் கோலத்தை நானே போட்டுக் காட்டறேன்.