கைப்பேசி இணையமும் நம் தெருவும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



"கல்வியின் மேன்மை" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறுதான் செயலாளர் அவர்கள் முதலில் என்னைப் பணித்தார்கள். கல்வி மேன்மையானது என்பதில் ஐயமுற்றவர் இவ்வவையில் எவருமிலர். ஐயமில்லாத ஒன்றை அரைமணி நேரம் மெய்ப்பிப்பது ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு எளிது, கேட்போருக்குத்தான் கடினம். ஆகவே பொருளை மாற்றிக்கொள்ள இசைவு வேண்டினேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பொருள். அதில் வரும் இணையம், அது நமக்கு எவ்வளவு பயன்படுகிறது, அதனால் நாம் மனநிறைவு அடைந்திருக்கிறோமா என்பவை பற்றியே பேசப் போகிறேன்.

இச்சங்கம் தோன்றிய நாட்களில் வெளியூருக்குத் தொலைபேசியில் பேசவேண்டுமானால், பெருஞ்சாலையிலிருந்த மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத்துக்குச் செல்லவேண்டும் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். இரவு வேளையில் கட்டணம் குறையும் என்று காத்திருந்து பேசியவர்கள் நாம். இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து தில்லிக்குப் பேசப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையும் தொடங்கப்பெற்றது. அவை நம் தெருவை எட்ட ஆண்டுகள் பல ஆயின. பிறகு வந்த வேகம் வியப்புக்குரியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி, 2014ஆம் ஆண்டில் கைப்பேசிச் சந்தாதாரர் ஒருவர் மாதத்திற்குச் சராசரியாக 62 எம்.பி. அளவே இணையத்தைப் பயன்படுத்தினார். பத்தாண்டு கழித்து அது 20 ஜி.பி.யைக் கடந்துவிட்டது. அன்று ஒரு ஜி.பி.க்கு ஆன செலவு ஏறத்தாழ 269 ரூபாய். பின்னர் அது பத்து ரூபாய் அளவிற்கு இறங்கியது. வேறு எந்தப் பண்டத்தின் விலை இவ்வாறு வீழ்ந்ததை நாம் கண்டோம்? இதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையற்றவனாவேன்.

நிற்க. சராசரி என்னும் சொல்லை நம்பி ஆற்றில் இறங்கக்கூடாது என்று எட்டாம் வகுப்பிலேயே கணக்கில் சொல்லிக்கொடுக்கிறோம். தொலைபேசி இணைப்புகளின் அடர்த்தி 2024 மார்ச் நிலவரப்படி நகர்ப்புறங்களில் நூறு பேருக்கு 130ஐத் தாண்டியிருந்தது. கிராமப்புறங்களிலோ அது அறுபதை எட்டவில்லை. அக்கிராமத்திற்குள்ளேயே ஊர் என்றும் காலனி என்றும் இரண்டு உண்டு. அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

இவ்வுரைக்காக நம் சங்கத்து இளைஞர்கள் சிலரை வீடு வீடாக அனுப்பி, "உங்கள் கைப்பேசி இணையம் எப்படியிருக்கிறது, அதில் உங்களுக்கு நிறைவு உண்டா?" என்று கேட்டுவரச் செய்தேன். பெரும்பாலோரிடமிருந்து வந்த விடை ஒரே சொல்: "பரவாயில்லீங்க." இளைஞர்கள் அதை "நிறைவு" என்னும் கட்டத்தில் குறித்து வந்தார்கள். பிழை அவர்களுடையதன்று, கேள்வியே பிழையானது. மறுநாள் நானே உடன்சென்று, "கடைசியாக எப்போது கைப்பேசியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே நடந்தீர்கள்? எதற்காக?" என்று கேட்டேன். அப்போதுதான் வாய் திறந்தது. அம்மையார் ஒருவர் எரிவாயு உருளை பதிவு செய்ய ஏரிக்கரைக்குப் போனதைச் சொன்னார். மற்றொருவர், கூரை வீட்டிற்குள் கிடைத்த சிக்னல் தொகுப்பு வீடு கட்டிக் குடிபுகுந்தபின் உள்ளே கிடைப்பதில்லை என்றார். முதல் நாள் இவர்கள் இருவருமே "பரவாயில்லை" என்றவர்கள்தாம்! அடிகுழாயில் ஒரு குடம் தண்ணீர் வந்தாலும் போதும் என்று பழக்கப்படுத்தப்பட்ட மக்களிடம் மனநிறைவைப் பற்றிக் கேட்டால் வேறு எந்த விடை வரும்?

இந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்களை வாட்ஸ்அப் குழுக்கள் வழியே அனுப்பினோம். கல்வித் தொலைக்காட்சியும் இருந்தது. எத்தனை மாணவர்கள் இணையவழியில் பயில்கின்றனர் என்று மேலிடத்திலிருந்து விவரம் கேட்டார்கள். குழுவிலிருந்த எண்களை எண்ணி, "பெரும்பாலோர் பயில்கின்றனர்" என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். அந்த எண்களில் பல, சென்னையில் சென்ட்ரிங் வேலைக்குச் சென்றிருந்த தந்தையரின் எண்கள். பாடம் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை இங்கே மாடு ஓட்டிக்கொண்டிருந்தான். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வு, கிராமப்புறக் குடும்பங்களில் இணைய வசதி உள்ளவை நூற்றுக்குப் பதினைந்துக்கும் குறைவு என்று முன்னரே கூறியிருந்தது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. வீதம் இலவச டேட்டா அட்டை வழங்கியது. நல்ல செயல்தான். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இல்லை. அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்தபோது கூட்டல் கழித்தலை மறந்திருந்தார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. என் கையொப்பமிட்ட அந்தத் தாள் எங்கோ ஒரு கோப்பில் இன்றும் இருக்கும்.

இனி, சிக்னல் ஏன் நம் பக்கம் மெலிகிறது என்பதைச் சற்று விளக்குவேன். டவர் என்பது ஊர்க் குடிநீர்த் தொட்டி போன்றது. தொட்டியின் கொள்ளளவு ஒன்றுதான். குழாயைத் திறப்போர் பெருகப் பெருக நீர் மெலியும். கைப்பேசியில் நான்கு கோடுகள் தெரிந்தும் படம் நகரவில்லை என்றால், குழாய் நம் வீட்டுவரை வந்திருக்கிறது, நீர்தான் வரவில்லை என்று பொருள். மாலை ஏழு மணிக்கு மேல் எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். நம் மாணவர்கள் படிக்கும் நேரமும் அதுவே. அலைவரிசையிலும் வேறுபாடுண்டு. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300 மெகாஹெர்ட்ஸ், 5ஜி சேவைக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்தவை வேகம் மிக்கவை. ஆனால் விரைவில் வலுவிழக்கும், கான்கிரீட் சுவரில் நின்றுவிடும். 5ஜி இந்நாட்டில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பெற்றது. நிறுவனம் டவரை நடும்போது, மக்கள் நெருக்கமும் வருவாயும் உள்ள சாலையோரத்தையும் கடைத்தெருவையும் பார்க்கும். அதற்குச் சாதி தெரியாது. ஆனால் நம் குடியிருப்பை ஏரிக்கு அப்பால், தாழ்ந்த நிலத்தில் வைத்தவர்களுக்குச் சாதி தெரிந்திருந்தது. அன்று வகுத்த தொலைவை இன்றைய கருவி அப்படியே பின்பற்றுகிறது. கடைமடைக்காரனுக்குக் கால்வாய் நீர் வரும் கதைதான் இது.

சிக்னல் உள்ள இடம் எது என்பதும் ஒரு கேள்வியாகிறது. நம் பிள்ளைகள் ஊர்த் தெரு முனையில் கைப்பேசியுடன் நின்றால், "இங்கென்ன வேலை?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் பொழுது சாய்ந்தபின் மதகடிக்குச் சென்று நிற்க முடியாது. நமது மாணவி ஒருத்திக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளன்று நேர்ந்ததை இங்கே பலர் அறிவீர்கள், பெயர் வேண்டாம். ஓ.டி.பி. எண், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்த தந்தையின் கைப்பேசிக்குப் போயிற்று. அவர் பார்த்துத் திருப்பிச் சொல்வதற்குள் அதன் நேரம் முடிந்தது. இரண்டாம் முறை வந்தபோது இங்கே சிக்னல் இல்லை. ஓராண்டு உதவித்தொகை போயிற்று. மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் 1944இல், அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிருவாகக் குழுவில் உறுப்பினராயிருந்த காலத்தில் தொடங்கியது. அத்துணை முயன்று பெற்ற உரிமை, நான்கு இலக்கங்கள் வந்து சேராமையால் நழுவியது. அந்த மாணவியும் நம் இளைஞர்களிடம் "பரவாயில்லை" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

நூறு நாள் வேலையின் வருகைப்பதிவையும் சொல்லவேண்டும். கைப்பேசிச் செயலி வழியாக நாளுக்கு இருமுறை படம் எடுத்து அனுப்பும் முறை, 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறாவிட்டால் அன்றைய உழைப்பு கணக்கில் ஏறாது என்னும் அச்சத்தோடு நம் தாய்மார்கள் வெயிலில் நின்றார்கள். அச்செயலியின் சுருக்கப்பெயர் என்.எம்.எம்.எஸ். நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கும் அதே நான்கு எழுத்துகள்தாம். தேர்ச்சி பெற்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று ஒரு தாயிடம் நான் கூறியபோது, "ஐயா, அதுக்கும் ரெண்டு வேளை போட்டோ எடுக்கணுமா?" என்று அவர் கேட்டார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை.

இளைஞர்களே, உங்களிடமும் எனக்கு ஒரு சொல் உண்டு. நாளொன்றுக்குக் கிடைக்கும் ஒன்றரை ஜி.பி.யை அரைநிமிடக் காட்சிகளில் கரைத்துவிட்டு, இரவில் தேர்வு நுழைவுச்சீட்டை இறக்க டேட்டா இல்லை என்று என்னிடம் வருவோர் சிலர் இங்கேயே அமர்ந்திருக்கிறார்கள். மேலும் விரித்துரைக்கமாட்டேன், விழா நாளில் வசை வேண்டாம். ஆயினும் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய வார இதழுக்கு "ஒரு பைசாத் தமிழன்" என்று பெயரிட்டதை எண்ணிப் பாருங்கள். விலையையே பெயரில் வைத்தார். உழைக்கும் மக்கள் கைக்கு எட்டுகிற விலை எது, எவ்வளவு தொலைவு அது போய்ச் சேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்விதழ் கோலார் தங்கவயலிலும் பர்மாவிலும் படிக்கப்பட்டது. செய்தி வந்து சேர்வது நம் முன்னோருக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. 28 நாள் திட்டத்தை எடுத்துக்கொள்வோர் ஆண்டிற்கு எத்தனை முறை ரீசார்ஜ் செய்கிறார்கள்? பன்னிரண்டன்று, பதின்மூன்று, பெருக்கிப் பாருங்கள், 364 வரும். இதைக் கருதியே, 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்கவேண்டுமென 2022இல் ஆணையம் விதித்தது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. பட்டன் கைப்பேசி வைத்திருக்கும் நம் பாட்டிமார் பயன்படுத்தாத இணையத்திற்கும் சேர்த்தே பணம் கட்டிவந்தனர். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டங்கள் வேண்டுமென 2024 டிசம்பரில் ஆணையம் ஆணை பிறப்பித்தது. கடைக்காரர் தாமாக இவற்றை எடுத்துச் சொல்லமாட்டார். பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

முறையீடு செய்யும் வழியும் உண்டு. 198 என்னும் எண்ணில் புகார் கூறினால் பதிவெண் தரவேண்டும். தீர்வு கிட்டாவிடில் 30 நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அது 39 நாட்களுக்குள் முடிவு செய்யப்படவேண்டும். நுகர்வோர் ஆணையத்திற்கும் செல்லலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்தது. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உள்ளது. 2024இல் வந்த தர விதிமுறைகளின்படி, எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்னும் வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிடவேண்டும். அவ்வரைபடத்தில் நம் குடியிருப்பு வண்ணம் பூசப்பட்டிருந்து, வீட்டிற்குள் சிக்னல் இல்லையென்றால், அதுவே நம் புகாருக்குச் சான்று. அதே விதிகளில், சேவை 24 மணி நேரத்திற்கு மேல் தடைபட்டால் ஈடு தரவேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அந்தத் தடை மாவட்ட அளவில் கணக்கிடப்படுகிறது. ஒரு தெரு மட்டும் மூன்று நாள் ஊமையாய்க் கிடந்தால் அதில் அடங்காது. இதை மாற்றச் சொல்லி எழுத வேண்டியவர்கள் நாமே.

இறுதியாக, விழாக்குழுவின் முன் ஒரு வேண்டுகோள். மிச்சமாகும் நிதியில் தெருமுனையில் நுழைவு வளைவு கட்டுவதென ஒரு கருத்து நிலவுகிறது. அண்ணல் பெயரில் வளைவு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அதற்கு முன்பாக, இச்சங்கக் கட்டடத்தின் பின்னறையில் கண்ணாடி இழைவழி இணைய இணைப்பு ஒன்றும், மின்தடையைத் தாங்கும் பேட்டரியும் அமைத்து, இரவு ஒன்பதரை மணிவரை படிப்பகமாகத் திறந்துவைக்க வேண்டுகிறேன். இழைவழி வரும் இணைப்பு ஏரியையும் மேட்டையும் பார்க்காது. மத்திய அரசு 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த வாணி என்னும் திட்டத்தின்படி, சங்கம் தன் வைஃபையை உரிமம் பெறாமலே சிறு கட்டணத்தில் தெருவாருக்கும் வழங்கலாம். மாலை ஆறு முதல் எட்டுவரை பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கவேண்டும். திறவுகோலை இரண்டு தாய்மார்களிடம் ஒப்படைக்கலாம். ஆடவரிடம் கொடுத்தால் அறை சீட்டாடும் இடமாகிவிடும் என்று என் துணைவியார் கூறுகிறார், எனக்கும் அதில் உடன்பாடே.

அவ்வறையில் வைப்பதற்கு நானூறு பக்கக் கோடிட்ட பேரேடு ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். நாள், இடம், நேரம், எந்த நிறுவனம், புகார்ப் பதிவெண், கிடைத்த விடை என்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். முதல் வரியை நானே நிரப்பிவிட்டேன்: சென்ற செவ்வாய்க்கிழமை, இரவு 7.40, என் வீட்டுத் திண்ணை. விடைக்குரிய கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. கூட்டம் முடிந்தபின் அப்பேரேடு வாயிலருகேயுள்ள மேசையில் இருக்கும். பேனாவும் அதனுடன் கட்டப்பட்டிருக்கிறது.