பொறியியலா, சுற்றுச்சூழல் அறிவியலா?

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகுங் காலத்தில், திருவனந்தபுரத்து இல்லங்கள் பலவற்றில் ஓர் ஆராய்ச்சி நடைபெறுவதுண்டு. மகளோ மகனோ பொறியியல் கற்பதா, சுற்றுச்சூழல் அறிவியல் கற்பதா என்பதே அது. இவ்விரண்டனுள் உயர்ந்தது எது என்று வினவுதல் பயனற்றது. மாணவரின் மனம் இயல்பாக எழுப்பும் வினா எது என்று காண்பதே முறை.

நம் நகரின் ஆமையிழஞ்சான் ஓடையை எடுத்துக்கொள்வோம். பெருமழை பெய்யின் தம்பானூரில் நீர் தேங்குவதை யாவரும் அறிவர். கால்வாய் எத்துணை அகலமும் சரிவும் உடையதாயின் அந்நீர் வடியும் என்று கணக்கிடுபவர் பொறியாளர். அந்நீரில் கலந்துள்ளவை யாவை, அவை ஆக்குளம் ஏரியை அடைந்தபின் மீனுக்கும் மனிதருக்கும் விளைவது யாது என்று ஆராய்பவர் சுற்றுச்சூழல் அறிஞர். முன்னவர் செய்யும் வழியைத் தேடுகின்றார். பின்னவர் செய்ததன் விளைவைத் தேடுகின்றார்.

அவ்வாறாயின் இவர்கள் ஒருவர்க்கொருவர் பகைவரோ? அல்லர். சைலண்ட் வேலி எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்கின் வரலாறே இதற்குச் சான்று. பாலக்காடு மாவட்டத்துக் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி, 120 மெகாவாட் மின்சாரம் பெறுவதற்கு ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதனை ஆராய்ந்து கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் ஆசிரியர் குழுவில் தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத் இருந்தார், அணுசக்திப் பொறியாளர் எம். பி. பரமேசுவரனும் இருந்தார். காட்டின் அருமையை எடுத்துரைக்க உயிரியல் அறிவு வேண்டியிருந்தது. மின்தேவையை எடைபோட்டுப் பார்க்கப் பொறியியல் அறிவு வேண்டியிருந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அவ்வனம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இனி நடைமுறையை நோக்குவோம். பொறியியற் பட்டம் நான்காண்டுப் படிப்பு. கணிதத்தில் பற்றில்லாதவர்க்கு அது பெருஞ்சுமை. எனினும் சிவில் பொறியியல் கற்றவர், பின்னர் குடிநீர், கழிவுநீர் ஆகியவை பற்றிய சுற்றுச்சூழல் பொறியியலுக்குச் செல்லலாம். அறிவியல் பட்டதாரி பொறியாளராக மாறுவதோ அரிது. மறுபுறம், சுற்றுச்சூழல் அறிவியலில் இளநிலைப் பட்டம் மட்டும் பெரும்பாலும் போதாது. தாவரவியலோ வேதியியலோ கற்று, காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழக வளாகம் போன்ற இடத்தில் முதுநிலையும் பயில வேண்டிவரும். ஊதியம் கைக்கு வரச் சில ஆண்டுகள் கூடுதலாகும் என்பதைக் குடும்பத்தார் முன்னரே உணர்தல் நலம்.

ஆகவே, இரண்டிலும் நாட்டமுடையவர், கணிதம் கைவருமாயின், பொறியியலை முதலில் கற்பது தக்கது. நீரையும் மண்ணையும் உயிர்களையும் உற்றுநோக்குவதில் இன்பங் காண்பவரை, மதிப்பெண் மிகுந்தது என்ற ஒரே காரணத்தால் பொறியியலுக்குத் தள்ளுதல் தகாது. பெற்றோர் செலவைக் கணக்கிடட்டும். வினாவைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை மாணவரிடமே விடட்டும்.